கருப்பையாவுக்கு நான் சொன்ன பசை

ஒரு மனிதருக்குத் தவறான பசையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தே.

கொலை இல்லை, கொள்ளை இல்லை... பசை! சிரிக்காதீர்கள். இத்தனை வாரங்களாக இந்தப் பக்கத்தில் ஊரார் அசட்டுத்தனங்களை எழுதிக்கொண்டிருந்த நான், என்னுடையதை மட்டும் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதி அதைக் கிளறிவிட்டார்.

‘ஐயா, கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மீன் தொட்டிக்கு அக்ரிலிக்கில் நானே வீட்டில் ஒரு சம்ப் செய்கிறேன். எந்தப் பசை நல்லது?’

அவருக்குப் பதில் தபாலில் போய்விட்டது. இந்த முறை சரியான பதில். ஆனால் அந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. இதே கேள்வியை எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். பெயர் கருப்பையா. சாமி படங்களுக்கும் கல்யாண போட்டோக்களுக்கும் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. நான் எம்.எஸ்ஸி. இந்தத் தகவல் முக்கியம் — அப்போது எனக்கு மிக மிக முக்கியமாக இருந்தது.

சம்ப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: மேலே மீன்கள் நீந்தும் தொட்டி. கீழே, பார்வைக்குத் தெரியாமல், இன்னொரு தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் கீழே வந்து, கரியும் மணலும் போட்ட தடுப்புகள் வழியாக வடிந்து சுத்தமாகும். ஒரு சின்ன மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். அந்தக் கீழ்த்தொட்டிதான் சம்ப். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. குடத்துக்காக வரிசையில் நிற்கும் ஊருக்கு இதைவிட நல்ல யோசனை உண்டா?

“மனுசருக்கு ஒரு அண்டா. மீனுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு!” என்றாள் என் மனைவி சரசு. விஞ்ஞானம் எப்போதும் வீட்டுக்குள்தான் முதல் எதிர்ப்பைச் சந்திக்கிறது.

மோட்டாரும், படம் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் பினாங்கில் இருந்த என் மைத்துனர் கொண்டுவந்தவை. அக்ரிலிக் பலகை, பெயர்ப் பலகை செய்கிறவர்களுக்காக மெட்ராஸிலிருந்து வரும். அதை அளவாக வெட்டிக் கொடுத்தது கருப்பையா. வெட்டி, விளிம்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி கொடுத்தார்.

ஒட்ட வேண்டியது மட்டும் என் பொறுப்பு. படித்தவன் ஆயிற்றே!

முதலில் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம். அது தண்ணீரில் கரையும். தண்ணீர்த் தொட்டியைத் தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டிய ஒரே எம்.எஸ்ஸி. நானாகத்தான் இருப்பேன். அடுத்து ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் மக்கு; காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்புறம் தார். தார் பிடித்தது — என் கையில், வேட்டியில், கூடத்துத் தரையில். பலகையில் மட்டும் பிடிக்கவில்லை.

கடைசியாக இரண்டு ட்யூப் பசை. ஒன்றில் பிசின், மற்றதில் அதைக் கெட்டியாக்கும் மருந்து. சமமாகக் கலந்து பூசினேன். மறுநாள் கல் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு கசியவில்லை. அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டினேன். இருபத்து மூன்றாம் நாள், அவித்த முட்டையின் ஓடு உரிவதுபோல, பசை நீளமாக, முழுசாக, அழகாக உரிந்து வந்தது. மூன்று குடம் தண்ணீர் கூடத்தில். சரசு துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள்.

பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது: அக்ரிலிக் குளோரோஃபார்மில் கரையும். பத்து வருஷமாக நானே போர்டில் எழுதிப்போட்ட விஷயம். வகுப்பில் சொல்வது வீட்டுக்கும் பொருந்தும் என்று எந்த வாத்தியாருக்குத் தோன்றியிருக்கிறது?

கல்லூரிப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பழுப்புப் பாட்டில். ‘ஆராய்ச்சிக்காக’ என்று எழுதிக் கொடுத்தேன். ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தொட்டால் போதும். இடுக்கு முழுக்கத் தானே ஓடிப் பரவிக்கொள்ளும். இரு பக்கமும் லேசாக இளகி, காய்ந்ததும் ஒரே பலகை. ஒரே நிபந்தனை — விளிம்பு துளிக்கூடக் கோணக் கூடாது. கோணவில்லை. அது கருப்பையா கைவேலை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

இரண்டாம் தடவை பலகை வெட்டக் கொடுத்தபோது அவர் கேட்டார்: “மொதல்ல வெட்டுனது என்ன ஆச்சு சார்?”

“அளவை மாத்திட்டேன் கருப்பையா.”

உரிந்துபோனது என்று சொல்ல நா எழவில்லை. சின்னப் பொய்தான். பெரிய பொய்களெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.

சம்ப் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் பார்க்க வந்தார்கள். வக்கீல் வந்தார், ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோடு வந்தார். “எல்லாம் நீங்களே செஞ்சதா சார்?” “ஆமாம், பெரிய விஷயமில்லை” என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணாடி முன் பழகியிருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்... வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில் கருப்பையாவும் வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே குண்டூசித் தலை அளவில் முப்பது நாற்பது குஞ்சுகள்.

“நம்ம கடைத் தொட்டியில குஞ்சு பொரிச்சிருக்கு சார். ஒங்களுக்குக் கொஞ்சம் கொண்டாந்தேன்.”

என் மீன்கள் அதுவரை ஒரு முட்டைகூட இட்டதில்லை. இலவசமாகக் கொண்டுவந்து நீட்டுகிறார்... எனக்கு எரிந்தது. வந்திருந்த வக்கீல் என் சம்ப்பை விட்டுவிட்டுப் பாட்டிலைப் பார்க்கப் போய்விட்டார். இன்னும் எரிந்தது.

எல்லோரும் போனபின் கருப்பையா சம்ப்பின் முன் குந்தி, மூட்டுகளை விரலால் தடவினார். தொழில்காரன் விரல். “கோடே தெரியலையே சார். எதை வச்சு ஒட்டுனீக? படம் மாட்டுற பொழப்புல சலிச்சுப்போச்சு. இனிமே தொட்டி செய்யலாம்னு இருக்கேன். வெட்டத் தெரியும். ஒட்டத்தான் தெரியலை.”

நான் சொன்ன பதில் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

“இரண்டு ட்யூப் பசை இருக்குதே, அதுதான். சமமாகக் கலக்கணும். ஒரு நாள் காயவிடணும். நானும் அதை வச்சுத்தான் ஒட்டினேன்.”

பொய்யா? இல்லை. அதை வைத்துத்தான் ஒட்டினேன். ஒட்டியது உரிந்ததையும், உரிந்தபின் வேறொன்றை வைத்ததையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். படித்தவன் பொய் சொல்லமாட்டான் ஐயா. உண்மையில் பாதியைச் சொல்வான்.

அவர் படி இறங்கியதும் சரசு கேட்டாள். “ஏங்க, அந்தப் பசைதானே நம்ம வீட்டுல பிச்சுக்கிட்டு வந்துச்சு?”

“அவருக்குக் கை சுத்தம். அவர் செஞ்சா நிக்கும்.”

“அப்ப ஒங்களுக்குக் கை சுத்தமில்லையாக்கும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

பத்து நாள் கழித்துக் கடைப்பக்கம் போனேன். கருப்பையா முகமெல்லாம் பல்.

“சார், நாச்சியாபுரத்துல விசாலாட்சி ஆச்சி வீட்டுக் கல்யாணம். மக கல்யாணத்துக்குச் சாமான் பரப்புறாகள்ல? அதுல வைக்க மீன் தொட்டி கேட்டிருக்காக. கீழ்த்தொட்டியோட! மோட்டாரை அவுகளே பினாங்குலருந்து வரவழைச்சுட்டாக. எந்த வீட்டுச் சாமான்லயும் இது இருந்ததில்லையாம்.”

எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணங்களைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்கள் அத்தனையையும் வீட்டில் பரப்பி வைப்பார்கள். துடைப்பத்திலிருந்து வைரம் வரை. எவர்சில்வர் டஜன் கணக்கில், பீங்கான் அடுக்கு அடுக்காக, மெத்தை தலையணை மலை மலையாக. மாப்பிள்ளை வீட்டார் மட்டுமல்ல, சுற்றுப்பட்டு ஊரே வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். அங்கே ஒரு பொருள் பேர் வாங்கினால், அடுத்த முகூர்த்தத்தில் பத்து வீட்டில் அது வேண்டும் என்பார்கள். கருப்பையாவின் தொழில் அந்த ஒரு நாளில் தொடங்க வேண்டும்... அல்லது அந்த ஒரு நாளோடு முடிய வேண்டும்.

“தொட்டி முடிஞ்சுதா?”

“நேத்துத்தான் ஒட்டுனேன். இங்குட்டு வந்து பாருங்க.”

பார்த்தேன். வேலை பிரமாதம். மூட்டுகளில் இரண்டு ட்யூப் பசை, கோடு கோடாக, மஞ்சளாக.

“கல்யாணம் என்னிக்கு?”

“இன்னும் இருபது நாள் இருக்கு சார்.”

என் மூளை உடனே கணக்குப் போட்டது. என்னுடையது இருபத்து மூன்று நாள் தாங்கியது. இவருடையது இருபதாம் நாள் வரை தாங்கும். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபின் உரிந்தால் உரியட்டும். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: ‘கருப்பையா, பிரித்துவிடு. நாளைக்குக் குளோரோஃபார்ம் கொண்டுவருகிறேன்.’ இருபது நாளும் தினம் அந்த வழியாகத்தான் கல்லூரிக்குப் போனேன். தினம் அவர் கடைக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் கும்பிடுவார். நானும் கும்பிட்டேன்.

“பிரமாதம் கருப்பையா” என்று சொல்லிவிட்டு வந்தேன் அன்றைக்கு.

ஆச்சி எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். யோசனை கொடுத்த வாத்தியார் என்று கருப்பையா சொல்லி வைத்திருந்தாராம். போனேன். சாமான்கள் பரப்பிய கூடத்தின் நடுவே தொட்டி. உள்ளே விளக்கு. ஆரஞ்சு நிற மீன்கள். வந்த பெண்கள் வைரத்தைத் தாண்டி வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புது வேட்டி கட்டிக்கொண்டு கருப்பையா, கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தா நிக்கிறாகளே, அந்த வாத்தியாரய்யாதான் நமக்குக் குரு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைப் ‘பெரிய விஷயமில்லை’ என்பதுபோல வைத்துக்கொண்டேன். பழக்கம்!

அப்போது கரண்ட் போயிற்று.

என் கணக்கில் இது இல்லை. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மேலே ஏறவேண்டிய தண்ணீர் ஏறாது; மேலிருந்து வழியவேண்டியது மட்டும் வழிந்து கீழே சேரும். சம்ப்பில் வழக்கத்தைவிட நாலு விரல்கடை கூடுதலாக ஏறியது. அவ்வளவுதான். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுவர்ப்பல்லி சொல்வது மாதிரி.

ஒரு பக்கப் பலகை சாய்ந்தது. ஐந்து குடம் தண்ணீர்... வெறும் தண்ணீராக வந்திருந்தால்கூட யாராவது, ‘தண்ணி கொட்டுறது நல்லதுதான்’ என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். வந்தது கரித்தண்ணீர். வடிகட்டப் போட்ட கரி மொத்தமும் கலங்கி, கறுப்பாக, பளிங்குத் தரையில் ஓடி, வெள்ளை உறை போட்ட மெத்தை மலையின் அடிவாரத்தில் போய் நின்றது. நிற்கவில்லை, மெத்தை அதை உறிஞ்சத் தொடங்கியது.

கல்யாண வீட்டில் கறுப்பு!

மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். விசாலாட்சி ஆச்சி ஓடிவந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“கருப்பையா... என்னடா இது?”

“ஆச்சி... ரெண்டு நாள் தண்ணி ஊத்திப் பாத்துத்தான்...” அவர் தோளில் கிடந்த துண்டால் தரையை ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு புது வேட்டியின் நுனியால். பிறகு என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. ‘சார், இது எப்படி?’ என்று வகுப்பில் மாணவன் கேட்பானே, அந்தப் பார்வை.

நான் என்ன செய்தேன்? பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன்.

கல்யாணம் நடந்தது. பெண் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மெத்தைகள் மாற்றப்பட்டன. மாறாதது கருப்பையாவுக்கு வந்த கெட்ட பேர். தொட்டி கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். சாமி படம் சட்டம் போட வருகிறவர்கள்கூட, “ஆணி அடிச்சிருக்கியா, இல்ல ஒட்டி வச்சிருக்கியா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். வாங்கி அடுக்கிய அக்ரிலிக் பலகைகள் கடை மூலையில் தூசி படிந்து நின்றன. கல்லூரிக்குப் போகும்போது நான் சுற்றுவழியில் போகத் தொடங்கினேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சரசுவிடம் சொன்னேன்.

“நடந்தே நாச்சியாபுரம் வரைக்கும் போயிட்டு வாங்க. அங்க போயிச் சொல்ல வேண்டியதைச் சொல்லீட்டு வாங்க” என்றாள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். பஸ்ஸில்தான்.

“ஆச்சி, தப்பு கருப்பையா மேல இல்லை. தப்பான பசையைச் சொன்னது நான். தெரிஞ்சே சொன்னேன்” என்றேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இருபத்து மூன்று நாள் கணக்கையும் சொன்னேன்.

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

“படிச்சவுக படிச்சவுகதான். அந்தப் பய பண்ணுன கூத்துக்கு, நீக வந்து பழியை ஏத்துக்கிறீக பாருங்க!” உள்பக்கம் திரும்பி, “வாத்தியாரய்யாவுக்குக் காபி கொண்டாங்க!” என்றார்.

“இல்லை ஆச்சி, நிஜமாகவே...”

“வேணாம் அய்யா. எனக்குத் தெரியும். ஒங்க நல்ல மனசுக்கு இந்தக் காலத்துல யாரு இருக்கா?”

மன்னிப்புக் கேட்கப் போனவன் மகானாகித் திரும்பினேன். ஆச்சி நாலு பேரிடம் சொல்லியிருப்பார் போல. ‘செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டவர்’ என்று என் பேர் அரியக்குடி வரை போயிற்று. கருப்பையாவின் பேர் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது.

மிச்சமிருந்தது கருப்பையா. கடைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். அவர் ஒரு கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வைரமுனை கோட்டைவிட்டு விலகவில்லை. வெட்டி முடித்து, கண்ணாடியைப் பிரித்து, சுவரில் சாய்த்தார்.

“குஞ்சு கொண்டாந்தனே சார், அன்னைக்குச் சொன்னீகளே... அதா?”

“அதுதான்.”

“வேற எங்க வச்சு ஒடஞ்சிருந்தாலும் பரவால்ல சார். அந்த வீட்டுல வச்சு ஒடஞ்சுபோச்சு.” நான் அடியை எதிர்பார்த்தேன் என்றே சொல்லலாம். வந்தது ஒரு கேள்வி.

“அப்ப, எதை வச்சு ஒட்டணும்?”

மறுநாள் பழுப்புப் பாட்டிலோடும் சிரிஞ்சோடும் போனேன். வாடை தலைக்கேறாமல் இருக்க, கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் உட்கார்ந்து காட்டினேன். ஒருமுறைதான் காட்டினேன். இரண்டாவது மூட்டை அவரே போட்டார். ஒரு குமிழி இல்லை. இரண்டு மாதம் நான் திணறியதை அரைமணியில் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். அந்தத் தொட்டி மூன்று மாதம் கடை வாசலில் தண்ணீரோடு நின்றது. கசியவில்லை. வாங்கவும் ஆள் இல்லை.

ஒருநாள் அவராக வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கணும். தொட்டி நீங்க செஞ்சதுன்னு சொல்லி வித்துக்கிறட்டுமா? எம்பேரைச் சொன்னா வாங்க மாட்டேங்குறாக.”

என்னால் செய்ய முடிந்த பரிகாரம் அது ஒன்றுதான். “தாராளமாக” என்றேன்.

‘வாத்தியார் தொட்டி’ என்று பேர் ஆயிற்று. ஒரு வருஷத்துக்குள் அமராவதிபுதூர், தேவகோட்டை என்று எங்கே சாமான் பரப்பினாலும் வாத்தியார் தொட்டி. விசாலாட்சி ஆச்சியே தன் இளைய மகளுக்கு ஒன்று வாங்கினார் — என்னிடம் வாங்குவதாக நினைத்து. கருப்பையா சட்டக்கடையை மூடிவிட்டுத் தொட்டிக்கடை திறந்தார். நன்றாகவே பிழைத்தார். அந்த ஒரு நிம்மதி எனக்கு உண்டு.

ஆனால் அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்குள் வரவில்லை. ஏதாவது வேலையாக வந்தால் படியிலேயே நிற்பார். சரசு காபி கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். நான் கொடுத்தால், “இப்பத்தான் குடிச்சேன் சார்.” மரியாதை ஒரு சொல்கூடக் குறையவில்லை. அதுதான் வலித்தது.

எனக்கோ, தெருவில் போனால் கும்பிடு. நான் ஒரு தொட்டிகூடச் செய்யவில்லை என்று கல்லூரி விழா ஒன்றில் மேடையிலேயே சொல்லிப் பார்த்தேன். என் தன்னடக்கத்துக்குக் கைதட்டினார்கள்.

நான் காரைக்குடியை விட்டுக் கிளம்பும் வருஷம் கருப்பையாவிடம் கேட்டேன். “இனிமேலாவது உன் பேரைப் போட்டுக்கொள்ளேன். இப்போது யார் வாங்கமாட்டேன் என்பார்கள்?”

அவர் உப்புத்தாளைக் கீழே வைக்கவில்லை. “இனிமே மாத்துனா, வாத்தியார் செத்துட்டாரான்னு கேப்பாக சார். இருக்கட்டும்.”

யாருடைய பேர் பெரிதாகிவிடுமோ என்று பயந்து அந்தத் தவறைச் செய்தேனோ, அவருடைய கையால் என் பேர் பெரிதாயிற்று. இதைவிடக் கடுமையான தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலாவது இருந்தால், வக்கீல் வாசகர்கள் தெரிவிக்கவும்.

செட்டிநாட்டுப் பக்கம் ஏதாவது பழைய வீட்டில், ஒழுகாத அக்ரிலிக் தொட்டி ஒன்றைக் கண்டு, “வாத்தியார் செஞ்சது” என்று வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொன்னால், தயவுசெய்து அவர்களிடம் ஒரே ஒரு பேரைச் சொல்லுங்கள்: கருப்பையா. நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.